அழையாத அஞ்சலும் அங்கத்தினர் கடமையும்

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர், பி.ஏ.)

கூட்டுறவுச் சங்கத்தின் காரியாலயத்திற்கு வரும் தபால்களைப் பிரித்து, வரவுப் பதிவேட்டில் இலக்கமிட்டு, காரியதரிசியின் பார்வைக்கு வைப்பது நம் சங்கங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கமாகும். இன்றோ, சங்கத்திற்கு வரும் கடிதங்களில் பெரும்பகுதி காகிதத்தில் வருவதில்லை. நூல் விலைப் பட்டியல், துணிக் கொள்முதல் உத்தரவு, வங்கியின் கணக்கு விவரம், இலாகாவின் சுற்றறிக்கை ஆகிய யாவும் மின்னஞ்சல் வழியாகவே வந்து சேருகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் 63,000 சங்கங்களைக் கருத்திற் கொண்டு வகுக்கப்பட்டது அத்திட்டம். ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் போன்ற நெசவு ஊர்களிலும், கொங்கணாபுரம், திருச்செங்கோடு போன்ற பருத்திச் சந்தை ஊர்களிலும் கணினியும் கைப்பேசியும் தராசையும் முழக்கோலையும் போலத் தொழிற் கருவிகளாகிவிட்டன.

இக்கருவியினால் விளையும் நன்மைகளைப் பற்றி அங்கத்தினர்களுக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. ஆனால், திறந்து வைத்த கதவின் வழியே விருந்தினர் மட்டும் வருவதில்லை. சங்கத்தின் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், வேண்டிய கடிதம் ஒன்றுக்கு வேண்டாத கடிதங்கள் பல காத்திருக்கின்றன. அவற்றுட் சில வெறும் தொந்தரவு. சில சங்கத்தின் பணப் பெட்டிக்கே குறி வைப்பவை. இவை எவ்வாறு வருகின்றன, இவற்றை எவ்வாறு குறைப்பது, மோசம் போகாமல் இருப்பது எப்படி என்பனவற்றைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குப்பை அஞ்சல் என்பது யாது?

பெறுபவர் கேளாமலே, ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே சமயத்தில் அனுப்பப்படும் மின்னஞ்சலைக் குப்பை அஞ்சல் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'ஸ்பேம்' என்னும் பெயர், அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த டப்பா இறைச்சி ஒன்றின் பெயராகும். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1970ஆம் ஆண்டில் ஒளிபரப்பான நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் இந்த இறைச்சியே வந்து நிற்கும். வேண்டாம் என்றாலும் விடாமல் வருவதால், அப்பெயர் இவ்வகை அஞ்சலுக்கு ஒட்டிக்கொண்டது.

இதன் தொடக்கம் பலர் எண்ணுவதினும் பழமையானது. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்னும் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த விற்பனை அலுவலர் ஒருவர், தம் நிறுவனத்தின் புதிய யந்திரங்களைக் காண வருமாறு, அக்காலத்து ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்தோரில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். பெற்றவர்களிற் பலர் சினங்கொண்டனர். வலையமைப்பின் நிர்வாகிகள் கண்டித்தனர். எனினும், யந்திரங்கள் சில விற்பனையாயின என்பதே பிற்காலத்தாருக்குப் பாடமாயிற்று. இன்று உலகில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழப் பாதி இவ்வகைக் குப்பையே என்று பாதுகாப்பு நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன.

மூத்த அங்கத்தினர்கள் இதைப் போன்றதொன்றை அறிவார்கள். "இக்கடிதத்தைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பினால் நன்மை விளையும், அனுப்பாவிடில் தீங்கு நேரும்" என்று தெய்வத்தின் பெயரால் தபாற் கார்டுகள் வந்த காலம் ஒன்றிருந்தது. அக்கார்டுக்கு எழுதுபவர் கைக்காசு செலவிட வேண்டியிருந்தது. ஆதலால் அது தானாகவே ஓய்ந்தது. மின்னஞ்சலில் அத்தடை இல்லை.

செலவின்மையே காரணம்

இவ்வியாபாரத்தின் கணக்கைக் கவனித்தால் உண்மை விளங்கும். தபால் உறை ஒன்றுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 10 லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்ப 50 லட்சம் ரூபாய் வேண்டும். மின்னஞ்சலில் அதே வேலையை மிகச் சொற்பச் செலவில் முடித்துவிடலாம். பத்தாயிரம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் 10 லட்சம் பேரில் 100 பேர் அகப்படுவர். ஒவ்வொருவரும் 2,000 ரூபாய் இழந்தால், அனுப்பியவனுக்கு 2 லட்சம் ரூபாய் கிட்டும். ஆகவே, "இதை யார் நம்புவார்கள்?" என்று நாம் நகைக்கும் கடிதமும் அவனுக்கு லாபந்தருவதே. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் குப்பையில் எறிவார்கள் என்பது அவன் கணக்கில் முன்பே சேர்க்கப்பட்ட விஷயம்.

நம் நாட்டில், வேண்டாத தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கட்டுப்படுத்தத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2010ஆம் ஆண்டிலும் 2018ஆம் ஆண்டிலும் விதிகள் வகுத்தது. வேண்டாத விளம்பர மின்னஞ்சலுக்கென அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அனுப்பியவர் யார் என்பதை மறைத்துத் தொல்லை தரும் மின்னஞ்சல்களையும் தன்னுள் அடக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றத்தால் 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி ரத்து செய்யப்பட்டது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் 66டி பிரிவின்படி குற்றமே. மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆனால், வெறுமனே குப்பையை அனுப்புபவனை நம் வாயிலில் தடுத்து நிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் நம்மையே சார்ந்திருக்கிறது.

முகவரி அவர்களுக்கு எவ்வாறு கிடைக்கிறது?

முதலாவது, நாமே பகிரங்கமாக எழுதி வைப்பதால். இணையப் பக்கங்களில் உள்ள முகவரிகளைப் பொறுக்கித் தொகுக்கும் நிரல்கள் இரவு பகலாக இயங்குகின்றன. இரண்டாவது, பரிசுக் குலுக்கல், இலவசப் பொருள், கடன் விண்ணப்பம் என்று கேட்கும் இடமெல்லாம் நாம் முகவரியைக் கொடுப்பதால். மூன்றாவது, நாம் நம்பிக் கொடுத்த நிறுவனத்தின் பதிவேடு திருடப்படுவதால். நான்காவது, பெயர்களையும் எண்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்து யந்திரமே முகவரிகளை ஊகித்து அனுப்புவதால்.

இவற்றுள் முதலிரண்டும் நம் கையில் உள்ளவை. ஆதலால் கீழ்க்கண்ட பழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நலம்:

(1) சங்கத்திற்கு இரண்டு முகவரிகள் இருக்கட்டும். வங்கி, இலாகா, நூல் வழங்குவோர், துணி வாங்குவோர் ஆகியோருக்கு மட்டும் தெரிந்தது ஒன்று. விளம்பரப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சிடுவது மற்றொன்று. பின்னதில் குப்பை சேர்ந்தாலும் முன்னது தூய்மையாக இருக்கும்.

(2) அங்கத்தினர் அனைவருக்கும் பொதுச்சபைக் கூட்ட அறிவிப்பை அனுப்பும்பொழுது, எல்லா முகவரிகளையும் 'பெறுநர்' கட்டத்தில் அடுக்காமல், 'மறை நகல்' என்னும் கட்டத்தில் இடுக. இல்லாவிடில் ஒவ்வோர் அங்கத்தினரின் முகவரியும் மற்றெல்லோர் கைக்கும் போய்விடுகிறது. அவர்களில் ஒருவர் கணினி கெட்டுப் போனாலும் அப்பட்டியல் முழுவதும் வெளியாரிடம் சிக்கும்.

(3) குப்பை அஞ்சலுக்கு மறுமொழி எழுத வேண்டாம். "இனி அனுப்பாதே" என்று திட்டியும் எழுத வேண்டாம். எவ்விதப் பதிலும், இம்முகவரியில் ஓர் ஆள் இருக்கிறார் என்று அறிவிப்பதாகவே முடியும். அறிமுகமான கம்பெனியிலிருந்து வரும் விளம்பரமானால், அதன் அடியில் உள்ள 'விலகுக' என்னும் வசதியை உபயோகிக்கலாம். முன்பின் அறியாதவர் அனுப்பியதில் அதைத் தொடலாகாது.

(4) கடிதத்தில் உள்ள படங்களைத் தானாகக் காட்ட வேண்டாம் என்று அஞ்சல் நிரலில் அமைத்துக்கொள்க. கண்ணுக்குப் புலப்படாத சிறு புள்ளியளவான படத்தைக் கடிதத்தில் வைத்து, அது திறக்கப்பட்ட நேரத்தை அனுப்பியவன் அறிந்துகொள்ளும் தந்திரம் ஒன்று உண்டு. தண்டர்பேர்டு என்னும் இலவச நிரல் வெளியிடத்துப் படங்களைத் தொடக்கத்திலேயே தடுத்து வைக்கிறது. ஜிமெயில் போன்றவற்றின் அமைப்பிலும், படங்களைக் காட்டுமுன் கேட்குமாறு செய்ய இடமுண்டு.

சல்லடை வேலை செய்யும் விதம்

அஞ்சல் நிரல்களில் குப்பையைப் பிரித்தெடுக்கும் சல்லடை ஒன்று அமைந்திருக்கிறது. இது எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை அறிந்தால், அதை நன்கு பழக்க முடியும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்னும் பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றம் அவர் மறைந்த பின் 1763ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்தேற்றத்தைக் குப்பை அஞ்சலுக்குப் பயன்படுத்தும் முறை, பால் கிரஹாம் என்னும் கணினி அறிஞர் 2002ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரைக்குப் பின் பெரிதும் பரவியது.

ஓர் உதாரணம் கூறுவோம். நீங்கள் குப்பை என்று ஒதுக்கிய 100 கடிதங்களில் 40இல் 'பரிசு' என்னும் சொல் இருக்கிறது. வேண்டியவை என்று வைத்துக்கொண்ட 100 கடிதங்களில் ஒன்றில் மட்டுமே அச்சொல் இருக்கிறது. அப்படியானால், 'பரிசு' என்ற சொல்லுடன் புதிதாக வரும் கடிதம் குப்பையாக இருப்பதற்கு 40க்கு 1 என்ற விகிதத்தில் வாய்ப்புண்டு. அதே கடிதத்தில் 'பாவு', 'சிட்டா நூல்', 'கூலி' போன்ற, நம் சங்கக் கடிதங்களில் மட்டுமே வரும் சொற்கள் இருந்தால் விகிதம் மறுபக்கம் சாய்கிறது. இவ்வாறு பல சொற்களின் விகிதங்களையும் சேர்த்து, யந்திரம் ஒரு முடிவுக்கு வருகிறது. இன்று பெரிய நிறுவனங்கள் இதனினும் நுட்பமான முறைகளைக் கையாளுகின்றன. எனினும் அடிப்படை ஒன்றே: எது குப்பை, எது நன்று என்று நாம் காட்டுவதிலிருந்தே அது கற்கிறது.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படுகின்றன. ஒன்று, குப்பைக் கடிதத்தை வெறுமனே அழித்துவிடாமல், 'குப்பை' என்று குறியிடும் பொத்தானை அழுத்துக. அழித்தால் யந்திரம் எதையும் கற்பதில்லை. மற்றொன்று, குப்பைப் பகுதியை வாரம் ஒருமுறையேனும் பார்வையிடுக. சல்லடைக் கண் சிறிதானால் நல்ல தானியமும் மேலே தங்கிவிடும். கொள்முதல் உத்தரவோ, ஏல அறிவிப்போ அதில் அகப்பட்டுக் கிடந்து, தவணை கடந்தபின் காணப்பட்டால் நஷ்டம் சங்கத்துக்கே. அவ்வாறு அகப்பட்டதைக் கண்டால், 'இது குப்பையன்று' என்று குறியிட்டு, அனுப்பியவரை முகவரிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும்.

அனுப்புநர் பெயரை நம்பலாமா?

தபால் உறையின் மீது அனுப்புபவர் தம் பெயரை எவ்வாறு வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை. மின்னஞ்சலை எடுத்துச் செல்லும் விதிமுறை 1982ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபொழுது, அதிலும் இந்நிலையே இருந்தது. ஒருவரையொருவர் நம்பிய ஆராய்ச்சியாளர்களுக்காக ஏற்பட்ட முறை அது. ஆதலால் அனுப்புநர் இடத்தில் வங்கியின் பெயரோ, கலெக்டர் அலுவலகத்தின் பெயரோ, சங்கத் தலைவரின் பெயரோ இருப்பதனால் மட்டும் கடிதம் அவரிடமிருந்து வந்ததாகாது.

இக்குறையைப் போக்க, அனுப்பும் நிறுவனம் தன் கடிதத்தில் யந்திரம் சோதிக்கத்தக்க முத்திரை இடும் முறைகள் பின்னர் ஏற்பட்டன. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர் இம்முத்திரையின்றி அனுப்பலாகாது என்று கூகுள், யாஹூ நிறுவனங்கள் விதித்தன. இதனால் போலிகள் குறையுமேயன்றி ஒழியமாட்டா. உண்மை நிறுவனத்தின் பெயரைப் போன்ற வேறொரு பெயரைப் பதிந்துகொண்டு, அதற்கு முறைப்படி முத்திரையும் பெற்றுவிடலாம். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்னும் இரு சிற்றெழுத்துகளை நெருக்கி எழுதினால் 'எம்' போலத் தோன்றும். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது.

முகவரியைப் படிக்கும் முறையும் ஒன்றுண்டு. இணைய முகவரியில் வங்கியின் பெயர் எங்கேனும் இருந்தால் போதாது. முதற் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எவ்வாறு முடிகிறது என்பதே முக்கியம். இவ்விஷயத்தில் ரிசர்வ் வங்கி நமக்கு ஓர் எளிய அடையாளம் தந்திருக்கிறது. இந்திய வங்கிகள் யாவும் 'பேங்க்.இன்' என முடியும் இணைய முகவரிக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதிக்குள் மாற வேண்டும் என்று அது பணித்தது. இம்முடிவுள்ள முகவரி வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அரசு அலுவலக முகவரிகள் 'கவ்.இன்' அல்லது 'நிக்.இன்' என்று முடியும். சங்கம் கணக்கு வைத்துள்ள வங்கியின் சரியான முகவரியைக் கிளை மானேஜரிடமே கேட்டறிந்து, காரியாலயத்தில் எழுதி வைத்துக்கொள்வது உத்தமம்.

தமிழ்நாட்டில் தீர்ப்பான வழக்கு

குப்பை என்பது தொந்தரவு. கண்ணி என்பது அபாயம். நம்பத்தகுந்தவர் போல் நடித்து இரகசியச் சொல்லைப் பறிக்கும் மின்னஞ்சலை ஆங்கிலத்தில் 'ஃபிஷிங்' என்பர். தூண்டில் அஞ்சல் என்று நாம் சொல்லலாம். இத்தகைய மோசடி சட்டப்படி தவறானதே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு நாஸ்காம் சங்கம் தொடுத்த வழக்கில் கூறியது.

தமிழ்நாட்டின் வழக்கொன்று நாம் யாவரும் அறியத்தக்கது. அபுதாபியில் பணிபுரிந்த ஒருவருக்கு 2007ஆம் ஆண்டு செப்டம்பரில், ஐசிஐசிஐ வங்கியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல் ஒன்று வந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தெரிவிக்காவிடில் கணக்கு இல்லாது போகும் என்று அதில் கண்டிருந்தது. அவர் தெரிவித்தார். அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குச் சென்றது. அதிற் பெரும்பகுதி மும்பையிலுள்ள கிளை ஒன்றில் எடுக்கப்பட்டுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் தீர்ப்பளிக்கும் அதிகாரியான மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலாளரிடம் அவர் முறையிட்டார். வங்கி போதிய பாதுகாப்புச் செய்யவில்லை என்று கண்டு, 12.85 லட்சம் ரூபாய் அவருக்கு அளிக்குமாறு 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வதிகாரி உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்தது.

வாடிக்கையாளருக்குச் சாதகமான தீர்ப்புத்தானே என்று ஆறுதல் கொள்ளலாகாது. பணம் போன நாளுக்கும் உத்தரவு வந்த நாளுக்கும் இடையே இரண்டரை ஆண்டுகள் ஓடின. அதன் பின்னும் வழக்கு தொடர்ந்தது. வாரக் கூலியை நம்பி வாழும் நெசவாளி குடும்பமோ, விதைப்புக்குக் கடன் எதிர்பார்த்திருக்கும் விவசாயியோ அத்தனை நாள் காத்திருக்க இயலுமா?

இக்கடிதத்தில் கண்ட இரண்டு குறிகளைக் கவனியுங்கள்: ஒன்று அச்சம், மற்றொன்று அவசரம். "உடனே செய், இல்லாவிடில் போயிற்று" என்னும் கடிதம் எதுவாயினும், அங்கேயே நிறுத்திச் சிந்திக்க வேண்டும். மூன்றாவது குறி ஆசை. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு பயிர்க்கடன் தள்ளுபடியை அறிவித்தது போன்ற உண்மையான உதவிகள் நாட்டில் உள்ளன. பிரதமரின் கிஸான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைக்கிறது. உண்மை இருப்பதால்தான் போலியும் விலை போகிறது. "உங்கள் மானியம் தயாராக உள்ளது, இந்த இணைப்பைத் தொட்டு விவரம் கொடுங்கள்" என்ற செய்தி வந்தால், இணைப்பைத் தொடாமல், சங்கக் காரியாலயத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ நேரிற் கேட்டுக்கொள்க.

"எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது"

சங்கங்களுக்கு எல்லாவற்றினும் கொடியது இவ்வகையே. ஒரு நெசவாளர் சங்கம் நூல் வாங்கிய வகையில் 4,20,000 ரூபாய் செலுத்த வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூல் வழங்குபவரிடமிருந்து மின்னஞ்சல் வருகிறது. அதே பெயர், அதே பில் எண், அதே தொகை. "எங்கள் பழைய கணக்கில் தணிக்கை நடைபெறுவதால் இத்தொகையைக் கீழ்க்கண்ட புதிய கணக்குக்கு அனுப்புக" என்று ஒரு வாக்கியம் மட்டும் அதிகம். காரியதரிசி நல்லெண்ணத்துடன் அனுப்பிவிடுகிறார். பத்து நாள் கழித்து உண்மையான வியாபாரி பாக்கியைக் கேட்கிறார். மோசடிக்காரன் இருவரில் ஒருவருடைய அஞ்சற் பெட்டிக்குள் முன்பே புகுந்து, கடிதப் போக்குவரத்தைப் படித்துக் காத்திருந்து, உரிய சமயத்தில் நுழைந்திருக்கிறான். அச்சங்கத்தில் 120 தறிக்காரர்கள் இருந்தால், தலைக்கு 3,500 ரூபாய் போயிற்று என்று கணக்கிடலாம்.

இதிற் படித்தவர், பெரியவர் என்ற வேற்றுமை இல்லை. 2013 முதல் 2015 வரையிலான காலத்தில், தைவான் நாட்டுக் கணினி உற்பத்தி நிறுவனம் ஒன்றின் பெயரில் போலிப் பில்களை அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் ஆகிய நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்கு மேல் ஒருவன் பறித்தான். 2019ஆம் ஆண்டில் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. உலகுக்கே மின்னஞ்சல் வசதி அளிக்கும் நிறுவனம் ஏமாந்ததெனில், குறை கணினியில் இல்லை; பணம் கொடுக்கும் நடைமுறையில் உள்ளது என்பது தெளிவு.

நடைமுறையைச் சரிசெய்யும் வழி நம் இயக்கத்திற்குப் புதியதன்று. காசோலையில் இருவர் கையொப்பமிடும் வழக்கம் எதற்காக ஏற்பட்டதோ, அதையே இங்கும் கையாளுவோம். வங்கிக் கணக்கு மாற்றம் பற்றிய கடிதம் எதுவாயினும், பழைய பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நாமே அழைத்து விசாரிக்க வேண்டும். அக்கடிதத்தில் கொடுத்துள்ள எண்ணுக்கு அழைக்கலாகாது. விசாரித்தவர் பெயரையும் தேதியையும் குறித்து, இரண்டாமவர் கையொப்பமிட்ட பின்னரே கணக்கை மாற்ற வேண்டும். ஐந்து நிமிஷ வேலை, அதற்குத் தயங்கலாகாது.

இணைப்புக் கோப்பும் கடவுச்சொல்லும்

கடிதத்துடன் வரும் கோப்புகளில் தீய நிரல்கள் மறைந்திருக்கலாம். 'பில்.பிடிஎஃப்' என்று தோன்றும் கோப்பின் உண்மையான முடிவு 'இஎக்ஸ்இ' என்றிருக்கக்கூடும். கணினி அம்முடிவைக் காட்டாமல் மறைத்து வைப்பதால் ஏமாறுகிறோம். கோப்புகளின் முழுப் பெயரையும் காட்டுமாறு கணினியை அமைத்துக்கொள்க. எதிர்பாராத கோப்பை, அனுப்பியவரைக் கேளாமல் திறக்க வேண்டாம். கணக்குத் தாளைத் திறந்தவுடன் 'மேக்ரோவை இயக்குக' என்று கேட்டால் மறுத்துவிடுக. கைப்பேசிக்கு வரும் 'ஏபிகே' கோப்புகளையும் இவ்வாறே ஒதுக்குக.

கூட்டுறவு ஸ்தாபனங்கள் சிறியவை, எவர் கண்ணிலும் படமாட்டா என்பதும் தவறான எண்ணம். 1906ஆம் ஆண்டில் புனே நகரில் தோன்றிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினி அமைப்பினுள் தீய நிரல் புகுத்தப்பட்டு, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மூன்றே நாட்களுக்குள் 94 கோடி ரூபாய் பறிபோயிற்று. பல நாடுகளிலுள்ள ஏடிஎம் யந்திரங்களில் ஒரே நாளில் பணம் எடுக்கப்பட்டது. ஆகவே சங்கக் கணக்குகளின் நகல் ஒன்றை வாரந்தோறும் தனி வட்டில் எடுத்து, கணினியுடன் இணைக்காமல் பெட்டகத்தில் வைப்பது அவசியமாகும். கணினி முடங்கினாலும் பேரேடு பிழைக்கும்.

கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பதைச் சில காரியாலயங்களில் காண்கிறோம். இரும்புப் பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைப்பதற்கு இது சமானம். மின்னஞ்சலுக்கு உள்ள கடவுச்சொல் வேறெந்த இடத்திலும் உபயோகிக்கப்படலாகாது. ஏனெனில், மற்றப் பல கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இரகசியக் கடிதம் மின்னஞ்சலுக்கே வருகிறது. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமானதும் நினைவில் நிற்பதுமான கடவுச்சொல் அமையும். அத்துடன் 'இருபடிச் சரிபார்ப்பு' என்னும் வசதியையும் ஏற்படுத்திக்கொள்க. கடவுச்சொல் திருடு போனாலும், கைப்பேசியில் வரும் இரண்டாவது எண் இல்லாமல் திருடன் உள்ளே நுழைவது அரிது. அந்த எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. காரியதரிசி மாறுதலாகிச் செல்லும்பொழுது, சாவிகளை ஒப்படைப்பது போலவே கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, புதியவர் அன்றே மாற்றிவிட வேண்டும்.

மோசம் நேர்ந்துவிட்டால்

பணம் போயிற்று என்று தெரிந்த கணமே 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். தமிழ்நாட்டின் மாவட்டங்களில் சைபர் கிரைம் காவல் நிலையங்களும் செயற்படுகின்றன. திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். எடுக்கப்படுமுன் வங்கி அதை நிறுத்தி வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு மணி நேரமும் அருமையானது.

வங்கிக்கும் உடனே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வங்கியோ வாடிக்கையாளரோ காரணமாகாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்றும், அவரே இரகசியத்தை வெளியிட்டிருந்தால் தெரிவிக்கும் வரை நேர்ந்த நஷ்டம் அவருடையதே என்றும் ரிசர்வ் வங்கி 2017ஆம் ஆண்டில் விதி வகுத்தது. தற்போதைய விவரங்களைத் தத்தம் வங்கிக் கிளையில் கேட்டறிக. எவ்வாறாயினும், தாமதம் நஷ்டத்தைப் பெருக்கும் என்பதில் ஐயமில்லை. ஏமாந்தவர் வெட்கத்தினால் மறைப்பதே மோசடிக்காரனுக்குப் பெரிய உதவி. ஆதலால் ஒரு சிப்பந்தி, "தவறி இணைப்பைத் தொட்டுவிட்டேன்" என்று வந்து சொன்னால், அவரைக் கடிந்துகொள்ளாமல் உடனே ஆவன செய்யும் மனப்பான்மையைத் தலைவர்கள் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாக சபைக்கு ஒரு யோசனை

மேலே கூறியவற்றைத் தனி மனிதரின் ஞாபகத்திற்கு விட்டுவிடாமல், நிர்வாக சபையின் தீர்மானமாக நிறைவேற்றிக் காரியாலயச் சுவரில் எழுதி வைத்தல் நலம். தீர்மானத்தின் வாசகம் பின்வருமாறு அமையலாம்:

1. சங்கத்தின் மின்னஞ்சலைப் பார்வையிடும் பொறுப்புடையவர் ஒருவரும், அவர் இல்லாதபொழுது பார்ப்பவர் ஒருவரும் பெயர் குறித்து நியமிக்கப்படுவர்.

2. பணம் சம்பந்தப்பட்ட மின்னஞ்சல்கள் வரவுப் பதிவேட்டில் இலக்கமிடப்படும்.

3. கணக்கு மாற்றக் கடிதம் எதுவும், பழைய எண்ணில் அழைத்து விசாரித்து, இருவர் கையொப்பமிட்டாலன்றிச் செயற்படுத்தப்படாது. தலைவர் பெயரில் வந்த கடிதமும் இவ்விதிக்கு விலக்கன்று.

4. கடவுச்சொல்லும் இரண்டாவது எண்ணும் எவரிடமும் தொலைபேசியிலோ அஞ்சலிலோ தெரிவிக்கப்படமாட்டா.

5. குப்பைப் பகுதி வாரந்தோறும் பார்வையிடப்படும். கணக்குகளின் நகல் வாரந்தோறும் எடுக்கப்படும்.

6. அஞ்சல் நிரலும் கணினியும் அவ்வப்போது வெளியாகும் புதுப்பிப்புகளை உடனுக்குடன் பெறுமாறு அமைக்கப்படும்.

இவற்றிற்குப் பணச் செலவு ஏதுமில்லை. மாதாந்தரக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, அம்மாதத்தில் வந்த போலிக் கடிதங்களை அங்கத்தினர்களுக்குக் காட்டி விளக்கினால், சங்கம் மட்டுமன்றி அங்கத்தினர் வீடுகளும் பயனடையும். ஒருவருக்கு வந்த தூண்டிலை மற்றவர் அறிந்தால் அது மீண்டும் அவ்வூரில் செல்லாது. தனியாளாக நின்றால் ஏமாறுபவர், பத்துப் பேரைக் கலந்துகொண்டால் தப்புகிறார். கூட்டுறவு என்பது கடன் வாங்குவதற்கும் துணி விற்பதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. ஒருவர் அறிந்ததை எல்லோரும் அறியச் செய்வதும் அதன் வேலையே. எல்லாச் சங்கங்களும் அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே இதனைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.